புல் முளைக்காத பாதை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூங்கில் கிளையை ஆயுதமாக்கிய சீனத் தளபதி சி ஜிகுவாங் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதை என் நண்பர் ஒருவருக்கும் அனுப்பினேன். ஒரு வாரமாக எங்களுக்குள் வாக்குவாதம் ஓயவில்லை.

கட்டுரையின் முடிவில், “ஜப்பானியக் கடற்கொள்ளையரை இந்தப் படை அடியோடு ஒழித்தது” என்று எழுதியிருந்தீர்கள். நண்பர் அதைப் பிடித்துக்கொண்டார். கடலோரக் குழப்பத்துக்கு இரும்புக் கரம் ஒன்றே மருந்து என்கிறார். மிங் அரசு கடலை மூடியது சரி, பின்னால் வந்த சிங் அரசு கரையோர மக்களையே உள்நாட்டுக்கு விரட்டியதும் சரி, அப்படிச் செய்ததால்தான் வென்றார்கள் என்பது அவர் கட்சி. ஆனால் நான் வேறோரிடத்தில் படித்தபோது, கொள்ளையரில் பெரும்பாலோர் சீனர்களே என்றும், அவர்களுடைய தலைவன் வாங் ஜி தானாகச் சரணடைய வந்த பிறகும் தலை வெட்டப்பட்டான் என்றும் இருந்தது.

உண்மையில் அந்தக் கொள்ளையர் யார்? அவர்களை அடக்கியது வாளா, வேறு ஏதாவதா? நம்பி வந்தவனை ஏன் கொன்றார்கள்? இன்று அவனை அங்கே எப்படி நினைக்கிறார்கள்? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அந்த வரி தவறு. போர்முறையைப் பற்றி எழுதும்போது போரே எல்லாவற்றையும் முடித்துவைத்தது என்ற மயக்கம் வந்துவிடுகிறது. கட்டுரையில் திருத்திவிட்டேன். உங்கள் நண்பரின் கையில் அந்த வரி ஒரு சாட்சியாகப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தம். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தக் கரையைப் பார்க்க வேண்டும். ஃபூஜியான் மாகாணத்தைப் பற்றி அங்கே ஒரு சொலவடை உண்டு: எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வயல். உழுவதற்கு நிலம் இல்லாத மக்களுக்குக் கடல்தான் வயல். அந்தக் கரையில் உள்ள சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே தமிழ் வணிகர்கள் சிவனுக்குக் கோயில் எடுத்து வழிபட்டிருக்கிறார்கள். கடல் வாணிகம் அந்த ஊர்களுக்கு எத்தனை தலைமுறைப் பழக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தக் கரையைத்தான் மிங் வமிசத்தின் முதல் பேரரசர் 1371இல் மூடினார். ‘ஒரு பலகைகூடக் கடலில் இறங்கக் கூடாது’ என்று அந்தச் சட்டத்தை ‘மிங் வரலாறு’ என்ற அதிகாரபூர்வ வரலாற்று நூல் சுருக்கிச் சொல்கிறது. வெளிநாட்டுடன் வாணிகம் வேண்டுமானால், அந்த நாட்டு மன்னரின் தூதுக்குழு திறைப்பொருளோடு வரும்போது மட்டும் நடக்கலாம். 1405 முதல் 1433 வரை ஜெங் ஹேயின் மாபெரும் கப்பற்படை இந்தியப் பெருங்கடலைக் கடந்து போய்வந்ததே, அது அரசின் கப்பல். குடிமகனின் கப்பலுக்கு அப்போதும் தடைதான்.

ஜப்பானின் தூதுக்குழுக்கள் ஜெஜியாங் மாகாணத்தின் நிங்போ துறைமுகத்துக்கு வர அனுமதி இருந்தது. 1523இல் இரண்டு ஜப்பானியப் பிரபுக் குடும்பங்கள் அனுப்பிய போட்டிக் குழுக்கள் நிங்போவிலேயே வெட்டிக்கொண்டன, ஊர் எரிந்தது. அதன் பிறகு இருந்த சிறு வாசலும் ஏறக்குறைய அடைபட்டது. அடைபட்ட நேரம்தான் கொடுமையானது. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானின் இவாமிச் சுரங்கத்திலிருந்து வெள்ளி கொட்டத் தொடங்கியது. சீனாவுக்கு வெள்ளி வேண்டும், ஜப்பானுக்குச் சீனப் பட்டு வேண்டும். நடுவே சில நாள் கடல் பயணம். இந்த இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போவதை எந்த ஆணை தடுக்கும்?

தடுக்கவில்லை. நிங்போவுக்கு அப்பால் ஷுவாங்யூ என்ற தீவில் கள்ளச் சந்தை ஒன்று முளைத்தது. சீனர், ஜப்பானியர், போர்ச்சுக்கீசியர் எல்லோரும் அங்கே கூடினார்கள். 1547இல் கரைப் பாதுகாப்புக்கு நியமிக்கப்பட்ட ஜூ வான், கண்டிப்புக்குப் பெயர் போனவர். அவர் வந்து பார்த்தபோது கரையோரப் போர்க்கப்பல்களில் பத்துக்கு ஒன்றிரண்டுதான் மிச்சம். 2,500க்கும் மேற்பட்ட வில்வீரர் இருக்க வேண்டிய காவல் நிலைகளில் ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். இருந்ததை வைத்துக்கொண்டு 1548இல் ஷுவாங்யூவை அழித்தார். கட்டடங்களை எரித்து, துறைமுக வாயிலைத் தூர்த்துவிட்டார். பிறகு தானே படகேறித் தீவுக்குப் போனார்.

அங்கே கண்டதை அரசருக்கு எழுதிய அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். தீவில் அகலமான, சமதளமான ஒரு பாதை இருந்தது. ஆள் நடமாட்டம் நின்று நாற்பது நாளுக்கு மேலாகியும் அதில் ஒரு புல் முளைக்கவில்லை. எத்தனை காலம் எத்தனை பேர் இங்கே வந்துபோயிருக்க வேண்டும், சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று எழுதுகிறார். இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கொள்ளையர் குகை என்று நினைத்து இடித்த இடத்தில், மூட்டை சுமந்தவர்களின் காலடி மண்ணை அவ்வளவு இறுக்கியிருக்கிறது. அது ஒரு கடைத்தெரு.

உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் விடையின் தொடக்கம். அந்தக் கொள்ளையரைச் சீன ஆவணங்கள் ‘வோகோ’ என்கின்றன. ‘வோ’ என்பது ஜப்பானியரைக் குறிக்கும் பழைய, மரியாதை இல்லாத சொல். ஆனால் அதே மிங் வரலாறு, உண்மையான ஜப்பானியர் பத்தில் மூன்று, கூடச் சேர்ந்தவர் பத்தில் ஏழு என்றும் சொல்லிவிடுகிறது. சேர்ந்த சீனர்கள் ஜப்பானியரைப் போல முன்னந்தலையை மழித்துக்கொண்டார்கள். பிடித்துச் செல்லப்பட்ட கிராமத்தாரின் தலையையும் கொள்ளையர் வலுக்கட்டாயமாக மழித்தார்கள். காரணம் எளிது. மழித்த தலையோடு தப்பி ஓடினால், தலைக்கு இவ்வளவு என்று பரிசு வாங்கும் அரசுப் படைவீரனே அவனை வெட்டிவிடுவான். பரிசுக்காக எண்ணி அடுக்கப்பட்ட தலைகளில் எத்தனை உழவர்களுடையவை என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

வணிகன் எப்படிக் கொள்ளையன் ஆனான் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். நிங்போ பக்கத்தில் யூயாவ் என்ற ஊர். அங்கே ஷியே என்பது பெரிய குடும்பம். நாட்டின் உச்சப் பதவியில் இருந்த ஒருவரின் குடும்பம். கள்ளக் கப்பல்காரர்களிடம் சரக்கைக் கடனுக்கு வாங்கினார்கள். பணம் கேட்டபோது, அதிகாரியிடம் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். சட்டத்துக்கு வெளியே நிற்பவன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்? 1547இல் ஒரு கூட்டம் இரவில் வந்து அந்த வீட்டைக் கொளுத்தி ஆட்களைக் கொன்றது. அரசின் கணக்கில் அது கடற்கொள்ளை. நடந்தது கடன் வசூல்.

ஜூ வான் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். வெளிநாட்டுக் கொள்ளையரை ஒழிப்பது எளிது, சீனக் கொள்ளையரை ஒழிப்பது கடினம். கரையோரக் கொள்ளையரையாவது ஒழித்துவிடலாம், பட்டாடையும் தலைப்பாகையும் அணிந்த கொள்ளையரை ஒழிப்பதுதான் மிகக் கடினம் என்று எழுதினார். பட்டாடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1549இல் பிடிபட்ட 96 பேரை அவர் அரசரின் உத்தரவுக்குக் காத்திராமல் கொன்றது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. பதவி போயிற்று, விசாரணை வந்தது. “பேரரசர் என்னைக் கொல்ல விரும்பாவிட்டாலும் ஃபூஜியான், ஜெஜியாங் ஆட்கள் என்னைக் கொல்லாமல் விடமாட்டார்கள்” என்று சொல்லிவிட்டு விஷம் குடித்து இறந்தார். அந்த 96 பேரின் கொலையை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவரை வீழ்த்தியவர்கள் அந்த உயிர்களுக்காக வழக்காடியவர்கள் அல்லர்.

ஷுவாங்யூவின் கடைத்தெரு அழிந்ததும் அங்கிருந்தவர்கள் கலைந்து வீட்டுக்குப் போகவில்லை. கடல் முழுக்கப் பரவினார்கள். 1550களின் நடுவில் தாக்குதல் உச்சத்துக்குப் போயிற்று. 1555இல் அறுபது எழுபது பேருக்கு மேல் இல்லாத ஒரு கூட்டம் உள்நாட்டுக்குள் நுழைந்து, இரண்டாம் தலைநகரான நான்ஜிங்கின் மதில்வரை போனது. அதை அழிக்க எண்பது நாளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஏறத்தாழ 4,000 பேர் கொல்லப்பட்டோ காயமடைந்தோ போனார்கள். பரம்பரையாகப் படைவீரர் பட்டியலில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தார்கள். அந்த ஆண்டே ஜாங் ஜிங் என்ற தளபதி, குவாங்ஷியிலிருந்து பழங்குடி வீரர்களை வரவழைத்து, முதல் பெரிய வெற்றியைப் பெற்றார். தாமதம் செய்தார் என்ற குற்றச்சாட்டில், வென்ற சில மாதங்களில் அவருடைய தலை தலைநகரில் வெட்டப்பட்டது.

இனி வாங் ஜி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அந்தக் கேள்விதான்.

அவர் ஹுய்ஜோ பகுதிக்காரர். உப்பு வாணிகத்தில் இருந்தவர். பிறகு கடலுக்கு வந்தார். ஜப்பானின் கோதோ தீவுகளிலும் ஹிராதோவிலும் தங்கிப் பெரிய கப்பல் கூட்டத்துக்குத் தலைவரானார். 1543இல் தானேகாஷிமா தீவில் ஒதுங்கிய கப்பலில் துப்பாக்கியோடு போர்ச்சுக்கீசியர் இருந்தார்கள். மொழி தெரியாத ஊர்த் தலைவரிடம், அந்தக் கப்பலில் இருந்த சீனர் ஒருவர் மணலில் கோலால் எழுதிப் பேசினார் என்று ஜப்பானியக் குறிப்பு சொல்கிறது. அவர் பெயர் வூஃபெங் என்று அதில் இருக்கிறது. அது வாங் ஜியின் வேறு பெயர். இருவரும் ஒருவரே என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அவருடைய ஆட்களின் தாக்குதல்களில் ஊர்கள் அழிந்தன என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர் மிங் அரசிடம் கேட்டது ஒன்றைத்தான்: கடலைத் திற, வாணிகம் செய்ய விடு, மற்ற கொள்ளையரை நானே அடக்கித் தருகிறேன்.

ஜூ வானுக்குப் பின் சில கை மாறி அந்தப் பொறுப்பு ஹூ ஸோங்ஷியானிடம் வந்தது. அவரும் ஹுய்ஜோக்காரர். சிறையில் கிடந்த வாங் ஜியின் தாயையும் மனைவியையும் வெளியே கொண்டுவந்து, ஹாங்ஜோ நகரில் நல்ல வீடும் சாப்பாடும் கொடுத்து வைத்தார். 1555இல் ஜப்பானுக்கு ஆளனுப்பி இந்தச் செய்தியைச் சொல்ல வைத்தார். குடும்பம் அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1557இல் வாங் ஜி, வாணிகம் கேட்டு வந்த ஜப்பானியத் தூதர்களோடு ஜோஷான் தீவின் ஸெங்காங் துறைக்கு வந்தார். கரையெங்கும் படை நிற்பதைப் பார்த்து சந்தேகப்பட்டார். நம்பிக்கைக்கு ஓர் அதிகாரியைப் பிணையாக அனுப்புங்கள் என்றார். ஷியா ஜெங் என்ற அதிகாரியை ஹூ அனுப்பினார். அவர் கப்பலேற, இவர் கரையிறங்கினார்.

ஹூ முதலில் வாங் ஜிக்கு உயிர்ப்பிச்சை கேட்டுத்தான் அரசருக்கு எழுதினார். ஆனால் வாங் பெங்கு என்ற கண்காணிப்பு அதிகாரி விடவில்லை. ஹூ பெருந்தொகை வாங்கிவிட்டார் என்ற பேச்சு பரவியது. ஜாங் ஜிங்கின் தலை போய் மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. ஹூ பயந்தார், கடிதத்தை மாற்றி எழுதினார். வாங் ஜி இரண்டு ஆண்டு சிறையில் இருந்தார். 1560 ஜனவரியில் ஹாங்ஜோவில் தலை வெட்டப்பட்டது. என் ஒருவனைக் கொன்றால் ஜெஜியாங் மக்கள்தான் துன்பப்படுவார்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

அவர் சிறைப்பட்டதுமே, கப்பலில் பிணையாக இருந்த ஷியா ஜெங்கை வாங் ஜியின் வளர்ப்பு மகன் துண்டு துண்டாக வெட்டிக் கொன்றார். அந்தக் கூட்டம் ஸெங்காங்கில் அரண் அமைத்து மாதக்கணக்கில் அரசுப் படையை எதிர்த்து நின்றது. பிறகு புதுக் கப்பல்கள் கட்டிக்கொண்டு ஃபூஜியானுக்குப் போனது. அதன் பிறகு பேசித் தீர்க்கலாம் என்று நம்புவதற்குக் கடலில் யாருக்கும் காரணம் இல்லை. ‘நம்பி வந்தவனை ஏன் கொன்றார்கள்’ என்று கேட்டீர்கள். அவரைக் காப்பாற்ற நினைத்த அதிகாரிக்குத் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்வது பெரிதாயிற்று. அந்தத் தலையும் தங்கவில்லை. ஹூ 1565இல் சிறையில் இறந்தார்.

சி ஜிகுவாங் பெரிய அளவில் களத்துக்கு வருவது இந்தக் கட்டத்தில்தான். அவருடைய பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. 1559இல் யீவூ மாவட்டத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட சுரங்கத் தொழிலாளிகளையும் உழவர்களையும் சேர்த்தார். நகரத்தில் திரியும் வாய்ச்சாலக்காரன் வேண்டாம், கையும் முகமும் கறுத்த நாட்டுப்புறத்தான் வேண்டும் என்று தன் பயிற்சி நூலில் எழுதியவர் அவர். 1561இல் தாய்ஜோவில் தொடர்ந்து வென்றார். அடுத்த ஆண்டு ஹெங்யூ தீவு. கரைக்கும் தீவுக்கும் நடுவே பத்து லி (ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்) தூரம் சேறு. ஓதம் ஏறினால் கடல், வற்றினால் இடுப்புவரை புதையும் சகதி. கொள்ளையர் அந்தச் சேற்றையே அகழியாக நம்பி இருந்தார்கள். சி ஜிகுவாங்கின் வீரர்கள் ஆளுக்கொரு வைக்கோற்கட்டைச் சுமந்து வந்து, சேற்றில் போட்டு, அதன்மேல் கால்வைத்துப் போனார்கள். அடுத்த ஓதம் ஏறுவதற்குள் வெல்ல வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வழியில்லை. வென்றார்கள், பிடித்து வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கானவர்களை மீட்டார்கள். ஃபூஜோவில் இன்றும் நடுவில் ஓட்டை போட்ட ஒரு சிறு ரொட்டி விற்கிறார்கள். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்த அவருடைய வீரர்களின் உணவு அது என்பது மரபு. அதன் பெயரிலும் அவர் பெயரின் கடைசி எழுத்து இருக்கிறது. மீட்கப்பட்டவர்களின் ஊர்கள் அவரை மறக்காததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் வென்றார், ஒவ்வோர் ஆண்டும் புதிய கூட்டம் வந்தது. 1562 முடிவில் ஷிங்ஹுவா என்ற மாவட்டத் தலைநகரே விழுந்தது. அடுத்த ஆண்டு சி ஜிகுவாங், யூ தாயோ, லியூ ஷியான் மூவரும் சேர்ந்து மீட்டார்கள். வந்த கூட்டத்தை வாள் வெட்டியது. கூட்டம் வருவதை நிறுத்த வாளால் முடியவில்லை.

1567இல் புதுப் பேரரசர் வந்ததும், ஃபூஜியான் ஆளுநர் தூ ஸெமினின் கோரிக்கையை ஏற்று, நிலாத் துறைமுகம் என்று பொருள்படும் யுயேகாங்கைத் திறந்துவிட்டார்கள். அதுவும் பழைய கள்ளச் சந்தைதான். இப்போது உரிமச் சீட்டு வாங்கி, வரி கட்டிக் கப்பல் விடலாம். ஜப்பானுக்கு மட்டும் போகக் கூடாது. நான்கு ஆண்டுகளில் ஸ்பானியர் மணிலாவை நிறுவ, அமெரிக்க வெள்ளி அந்த வழியாக வந்து இறங்கியது. 1594இல் யுயேகாங்கின் வரி 29,000 லியாங் (சீன எடை அளவு) வெள்ளிக்கு மேல். அந்தப் பணம் ஃபூஜியானின் படைச் செலவுக்குப் போயிற்று. கடலோடி கட்டிய வரியில் கடற்காவல் நடந்தது. கொள்ளையனும் வணிகனும் ஒரே ஆள்தான், சந்தை திறந்தால் கொள்ளையன் வணிகனாகிறான், மூடினால் வணிகன் கொள்ளையனாகிறான் என்று அந்தக் காலத்து அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். வாங் ஜி கேட்டதில் பெரும்பகுதி, அவர் இறந்து ஏழு ஆண்டுகளில் சட்டமாயிற்று.

கடலைத் திறந்ததும் எல்லாம் ஒரே நாளில் அடங்கிவிடவில்லை. குவாங்தோங் கரையில் கூட்டங்கள் இருந்தன; அவற்றில் ஒன்றின் தலைவரான லின் ஃபெங் 1574இல் மணிலாவையே தாக்கினார். ஜப்பான் பக்கத்தில் 1588இல் ஹிதேயோஷி தன் ஆட்சிக்குட்பட்ட கடலோடிகளுக்குக் கொள்ளையைத் தடைசெய்ததும் ஒரு காரணம். சி ஜிகுவாங்கின் வெற்றிகள் இல்லாவிட்டால் கடலைத் திறக்கும் துணிவு அரசவைக்கு வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். உங்கள் நண்பரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அவர் சொல்லும் சிங் அரசின் கதைக்கும் வருகிறேன். மிங் தரப்பில் நின்று சிங் அரசை எதிர்த்த கடற்படைத் தலைவர் ஜெங் செங்கோங்கின் படையைப் பட்டினி போட, 1661 முதல் கரையிலிருந்து பல லி தூரம்வரை மக்களை உள்ளே விரட்டினார்கள். வீடுகளையும் படகுகளையும் எரித்தார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டியவனுக்கு மரணம். மீனவரும் உப்புக் காய்ச்சுபவரும் எங்கே போய் என்ன செய்வார்கள் என்று ஆணையிட்டவர்கள் கேட்கவில்லை. இவ்வளவும் செய்து, ஜெங் குடும்பம் தைவானில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1683இல் அவர்களை வீழ்த்தியது வெற்றுக் கரை அல்ல, கப்பற்படை. அதை நடத்தியவர் ஷி லாங், முன்பு ஜெங் தரப்பில் இருந்து இந்தப் பக்கம் வந்தவர். அடுத்த ஆண்டே சிங் அரசு கடலைத் திறந்துவிட்டது. நண்பர் எந்த இரும்புக் கரத்தைப் புகழ்கிறாரோ, அதைப் பயன்படுத்தியவர்களே கைவிட்டார்கள்.

கடைசிக் கேள்வி. சி ஜிகுவாங்குக்குச் சீனாவில் பல ஊர்களில் சிலை உண்டு. வாங் ஜிக்கு ஜப்பானின் ஹிராதோவில் ஒரு சிலை இருக்கிறது. அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்தில், கோதோ தீவுகளைச் சேர்ந்த ஜப்பானியர் சிலர் 2000இல் ஒரு நினைவுக் கல்லறை கட்டிக் கொடுத்தார்கள். 2005 ஜனவரியில் இரண்டு சீன ஆசிரியர்கள் அங்கே போய், கல்லில் இருந்த அவருடைய பெயரையும், கட்டிக் கொடுத்தவர்களின் பெயர்களையும் உடைத்துச் சிதைத்துவிட்டு வந்தார்கள்.

அன்புடன்.